முட்டுக்கட்டை

தேர்த் திருவிழாவிலே கூட்டத்தின் கண்கள் கலசத்தை நோக்கியிருக்கும்; வடம் பிடிப்போரின் கண்கள் வடத்தை நோக்கியிருக்கும். இவ்விரண்டையும் பாராமல், குனிந்த தலை நிமிராமல், சக்கரத்தை ஒட்டியே நடந்து வருகின்ற சிலர் உண்டு. அவர்கள் கையிலே ஆப்பு வடிவாய்ச் செதுக்கிய மரக்கட்டை இருக்கும். தேர் திரும்ப வேண்டிய முடக்கிலும், நிற்க வேண்டிய இடத்திலும், பள்ளத்தை நோக்கி ஓட முற்படும் வேளையிலும், உருளுகின்ற சக்கரத்தின் கீழே கணக்கறிந்து அக்கட்டையைக் கொடுத்து, கை நசுங்காமல் மீட்டுக்கொள்வது அவர்களுடைய தொழில். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்தை ஒட்டி ஐந்து தேர்களும் வீதி வருகின்றபோது, அம்மனைத் தரிசித்த கையோடு இவர்களையும் நின்று பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டைக்குத்தான் முட்டுக்கட்டை என்று பெயர்.

நம்முடைய பேச்சு வழக்கு இவர்களுக்கு நியாயம் செய்யவில்லை. நல்ல காரியத்தைத் தடுப்பவனை முட்டுக்கட்டை என்று ஏசுகிறோம். தேரை இழுத்தவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தலில் மோர் வார்க்கிறோம். தேரை நிறுத்தியவனுடைய கருவியையோ வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். சரிவான வீதியிலே தேர் தானே உருளத் தொடங்கும் அந்தக் கணத்தை ஒருமுறை கண்டவன், அச்சொல்லை அவ்விதம் வழங்கத் துணியமாட்டான்.

மலைநாட்டிலே இந்தத் தொழிலுக்குத் திருவிழா நாள் என்று தனியாக ஒன்றில்லை. விடிந்தால் பொழுதுபட்டால் இறக்கம்தான். பாடசாலைக்குப் போகும் பிள்ளை இறக்கத்தில் போகிறது. பிள்ளைப்பேற்றுக்குப் போகும் தாய் இறக்கத்தில் போகிறாள். கொழுந்து இறக்கத்தில் போகிறது. சம்பளச் சந்தைக்குப் போனவன் இறக்கத்தில்தான் வீடு திரும்புகிறான். இவர்கள் எல்லோருக்கும் இன்று முட்டுக்கட்டையாக இருப்பது வண்டியின் முன்சக்கரங்களுக்குள்ளே மறைந்திருக்கும் ஓர் இரும்புத் தட்டு. அதனைக் கழற்றிப் பூட்டுகிற ஒருவரைப் பற்றியே இக்கட்டுரை. இலக்கியப் பக்கத்திலே இதற்கென்ன இடம் என்று அன்பர்கள் வினவலாம். கொழுந்துக் கூடையும், பிரட்டுக்களமும், லயத்துக் காம்பராவும், கங்காணியின் பிரம்பும் நம் எழுத்தில் இடம்பெற்று விட்டன, இடம்பெறத்தான் வேண்டும். ஆயினும் அந்த லயத்துப் பிள்ளை இன்று காலை ஆறரை மணிக்கு எதில் ஏறிப் போகிறது, அது எதனால் நிற்கிறது என்பதும் மலையகத்தின் கதையல்லவா?

அட்டன் நகரம் கடல் மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 1,270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீட்டர். நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்குகிறவன் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தை வழியிலே இழக்கிறான். அட்டனிலிருந்து கினிகத்தேனை தாண்டிக் கித்துல்கலைக்கு இறங்கும் பாதையும் இதற்குச் சளைத்ததன்று. இவையெல்லாம் தார் போட்ட பெருவீதிகள். மஞ்சள் பலகையில் ‘குறைந்த கியரில் செல்லவும்’ என்ற எச்சரிக்கையாவது இருக்கும். தோட்டத்து உட்பாதைகளுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. ஒரு வண்டி போகும் அகலம். ஒரு பக்கம் கான், மறுபக்கம் தேயிலை மலையின் சரிவு. நடுவிலே வெள்ளைக்காரன் காலத்துக் கல்.

பௌதிகம் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்கள் கீழ்வரும் கணக்கை வகுப்பிலே கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள ஒரு வண்டி, செங்குத்து அளவில் 1,000 மீட்டர் இறங்குகிறது. அது இழக்கும் நிலைச்சக்தி ஏறத்தாழ 1 கோடியே 47 லட்சம் யூல். இந்தச் சக்தி எங்கேயும் காணாமற் போய்விடாது. காற்றின் எதிர்ப்பும் எஞ்சினும் தத்தம் பங்கை வாங்கிக்கொண்டது போக, எஞ்சியது முழுவதும் பிரேக்கிலே வெப்பமாக வந்து இறங்கும். யாரும் பங்கு வாங்காமல் முழுவதும் பிரேக்குக்கே வந்தால், அந்த வெப்பம் 40 லீற்றருக்கு மேற்பட்ட குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. நுவரெலியாவிலிருந்து கீழே இறங்கும் ஒவ்வொரு வண்டியும், ஒரு கல்யாண வீட்டுக்குத் தேநீர் போடத்தக்க அடுப்பைச் சக்கரத்துக்குள்ளே மூட்டிக்கொண்டு இறங்குகிறது என்று சொன்னால் மிகையாகாது.

இந்த அடுப்பைத் தாங்குவதற்கென்றே பிறந்தது அந்தத் தட்டு. டிஸ்க் என்று மெக்கானிக்குகள் சொல்வதையே நாமும் சொல்லிப் பழகிவிட்டோம். முந்திய காலத்து வண்டிகளில் எல்லாச் சக்கரத்திலும் டிரம் என்னும் மூடிய இரும்புக் கலம் இருந்தது; அதன் உட்சுவரை இரண்டு பிறை வடிவான கட்டைகள் விரிந்து அழுத்தும். ஒன்றிரண்டு முறை நிறுத்துவதற்கு அது நல்ல கருவி. நெடிய இறக்கத்திலோ கலம் சூடேறி விரியும். விரிந்த கலம் கட்டையை விட்டு விலகும். மிதி மேலும் மேலும் கீழே போகும். திறந்த தட்டில் அந்தக் குறை இல்லை. இரு பக்கமும் இரண்டு பட்டைகள் அதனைக் கௌவிப் பிடிக்கின்றன. சூடேறி விரிந்தால் தட்டு பட்டையை நோக்கியே பருக்கிறது. காற்றும் அதன்மேல் தாராளமாகப் படுகிறது. முன்சக்கரத் தட்டுகள் பலவற்றில் இரண்டு முகங்களுக்கு நடுவே காற்றோடும் வாய்க்கால்களே வார்க்கப்பட்டிருக்கும்.

இங்கிலாந்திலே பிரெடரிக் லாங்செஸ்டர் என்பவர் 1902இல் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அவர் வைத்த செம்புத் துண்டுகள் கிரீச்சிட்டுக் காதைத் துளைத்ததால் அக்காலத்து மக்கள் அதை விரும்பவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1953இல் பிரான்சின் லெ மான் இருபத்துநான்கு மணி நேர ஓட்டத்தில் தட்டுப் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வெற்றி பெற்றது. 1955இல் சித்ரோயன் தன் புதிய காருக்கு இதையே பூட்டிப் பொதுமக்களிடம் கொண்டு வந்தது. நம் நாட்டிலோ நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டி 1934லேயே தொடங்கிவிட்டது. ஏறுவதற்குப் போட்டியும் கிண்ணமும் வைத்தார்கள். இறங்குவதற்கு இன்றுவரை யாரும் பரிசு வைத்ததாகத் தெரியவில்லை.

நிற்க. நான் சொல்ல வந்த கராஜ் அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலே, பெருவீதியை விட்டுச் சற்று உள்ளே இருக்கிறது. நான்கு யூகலிப்டஸ் கம்பம், மேலே துருப்பிடித்த தகரம், தரையிலே சீமெந்து பூசிய ஒரு சமதளத் துண்டு. அந்தச் சமதளத்தை உண்டாக்க மலையை வெட்டிய கதையைப் பாஸ் பெருமையோடு சொல்வார். நம் மலையகத்திலே கைத்தொழில் வல்லவர்களைப் பாஸ் என்று அழைக்கும் வழக்கப்படி ஊரெல்லாம் அவரைப் பாஸ் என்றே அழைக்கிறது. தம் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டபடியால் நானும் அவ்வாறே அழைக்கிறேன். வயது அறுபதுக்கு மேல். தோட்டத்து இஸ்டோரிலே எஞ்சின் துடைக்கும் பையனாகத் தொடங்கியவர்.

என் பழைய காரின் முன்சக்கரத்திலே சில நாட்களாகக் கீச்சென்று ஓர் ஒலி. பட்டை தேய்ந்துவிட்டால் அதிலுள்ள சிறு தகடு தட்டிலே உராய்ந்து இவ்விதம் கூவும்படி சில கார்களிலே ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் காரைக் கொண்டுபோனபோது, எனக்கு முன்னே ஒரு பாடசாலை வேன் நின்றது. அதில் வருகின்ற பிள்ளைகளிற் சிலர் என் வகுப்பு மாணவர்கள். ஓட்டுநர் முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர். மேல் டிவிசன் லயத்துப் பிள்ளை.

“பிரேக் அடிச்சா ஸ்டீரிங் ஆடுதுண்ணே. டிஸ்க்க லேத்ல குடுத்து ஒருக்கா கடைஞ்சு போட்டுட்டா சரியாயிரும்” என்றார் அவர்.

“கழட்டிப் பாப்பம் தம்பி” என்றார் பாஸ்.

கழற்றுகிற காட்சியை நான் விரித்துரைக்க ஒரு காரணம் உண்டு. தெருவோரத்திலே நிகழும் எத்தனையோ தொழில்கள் நம் கண்ணிற் பட்டும் கருத்திற் படுவதில்லை. பாஸ் முதலிலே செய்தது, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்தது. அதே முட்டுக்கட்டை! பின்பு வண்டி தரையில் நிற்கும்போதே சக்கரத்து நட்டுகளைக் கால் சுற்று இளக்கினார். தூக்கிய பின்பு இளக்க முயன்றால் சக்கரமும் சேர்ந்து சுழலும். வண்டி ஜாக்கிலிருந்து சரியவும் கூடும். ஜாக்கை வைத்துத் தூக்கினார். தூக்கியதும் இரும்புத் தாங்கியை அடியிலே கொடுத்து வண்டியின் பாரத்தை அதன்மேல் இறக்கினார். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கை வைத்த ஒருவரின் விரல்கள் என்னவாயின என்பதை உதவிப் பையனுக்கு அவர் நினைவூட்டினார். அந்த ஒருவர் அவரே என்பதை இடக்கையைப் பார்த்தபோது தெரிந்துகொண்டேன்.

சக்கரம் நீங்கியதும் தட்டு தெரிந்தது. அதன் ஒரு பக்கத்தைக் கௌவியிருக்கும் இரும்பு வாய்க்குக் கெலிப்பர் என்று பெயர். அதன் பின்புறத் திருகாணிகளை நீக்கி, வாயைத் தட்டிலிருந்து மெல்லக் கிளப்பி எடுத்து, கம்பி ஒன்றை வளைத்து மேலேயுள்ள சுருள்வில்லில் தொங்க விட்டார். அதன் பாரம் இறப்பர்க் குழாயிலே விழும்படி விட்டுவிடுகிறவர்கள் உண்டு. குழாய் அன்று அறுந்து போகாது. உள்ளே ஓர் இழை பிரியும். என்றோ ஒரு நாள், காலை முழுப் பலத்தோடு அழுத்துகின்ற ஒரு நாள், அது வெடிக்கும். பின்பு பட்டைகளை உருவினார். கெலிப்பரைத் தாங்கும் சட்டத்தின் இரண்டு பெரிய ஆணிகளை நீண்ட கைப்பிடியிட்டு நீக்கினார்.

இனித் தட்டைக் கையால் இழுத்தால் வந்துவிடும் என்று நான் எண்ணினேன். அசையவில்லை. மலைநாட்டு ஈரத்திலே தட்டும் அச்சுத்தலையும் துருவால் ஒன்றையொன்று பற்றி, ஒரே இரும்பாகவே மாறியிருந்தன. உதவிப் பையன் பெரிய சம்மட்டியைத் தூக்கினான். பாஸ் தடுத்தார். கண்டபடி அடித்தால் தட்டு மட்டுமன்று, உள்ளேயிருக்கும் குண்டுப் போறிங்கும் காயப்படும். தட்டின் முகத்திலே ஒன்றுக்கொன்று எதிராக இரண்டு சிறு துளைகள் இருந்தன. வெகுநாளாக அவற்றைப் பார்த்திருந்தும் எதற்கென்று நான் கேட்டதில்லை. துருவிளக்கும் எண்ணெய் விட்டுச் சற்றுப் பொறுத்து, அத்துளைகளில் 8 மில்லிமீட்டர் மரையாணிகள் இரண்டை இட்டு, இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று மாறி மாறி முறுக்கினார். ஆணியின் நுனி அச்சுத்தலையை முட்ட, தட்டு தானே பின்வாங்க வேண்டியதாயிற்று. ‘டக்’ என்று ஓர் ஒலி. பலம் தோற்ற இடத்திலே பொறுமை வென்றது என்று எழுத ஆசைதான். ஆனால் பாஸ் அதை ஆணியின் வேலை என்றுதான் சொன்னார்.

கழற்றிய தட்டை வெளிச்சத்திலே பிடித்தார். முகமெல்லாம் வரிவரியாய்ப் பள்ளம். இடையிடையே நீலம் பாய்ந்திருந்தது. அளவுக்கு மீறிச் சூடேறி ஆறிய இரும்பின் நிறம் அது. ஓட்டுநர் தம் சட்டைப்பையிலிருந்து வேணியர் இடுக்கிமானி ஒன்றை எடுத்து விளிம்பிலே வைத்துக் காட்டினார். “இருபதுக்கு மேல நிக்குதுண்ணே!” பாஸ் சிரித்தார். பட்டை படாத விளிம்பு தேயாமல் வரம்புபோல் உயர்ந்து நிற்கும். இடுக்கிமானி அந்த வரம்பைத்தான் அளக்கிறது, உள்ளே தேய்ந்த வயலை அளக்கவில்லை. அவர் நுண்மானித் திருகுக் கணிச்சியைத் துணியிலிருந்து எடுத்து, வரம்பைத் தாண்டி உள்ளே வைத்து, சுற்றிலும் எட்டு இடங்களில் அளந்தார். மிகக் குறைந்த இடம் 19.1 மில்லிமீட்டர். மறுபக்கத் தட்டு 18.8. அந்தத் தட்டு புதிதாக இருந்தபோது 22. குறைந்தபட்சம் 20 என்று தட்டிலேயே வார்த்திருந்த எழுத்தைத் துரு சுரண்டிப் பையனுக்கும் ஓட்டுநருக்கும் காட்டினார்.

புதிய தட்டுக்கும் எறிய வேண்டிய தட்டுக்கும் உள்ள தூரம் வெறும் 2 மில்லிமீட்டர். எங்கள் பாடசாலைக் கொப்பியின் இரண்டு அட்டைகளைச் சேர்த்தாலும் அதற்கு மேல் வராது. இந்த 2 மில்லிமீட்டருக்குள் என்ன இருக்கிறது? வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் இரும்பு இருக்கிறது. இரும்பு குறையக் குறைய அதே இறக்கத்தில் தட்டு இன்னும் கூடுதலாகச் சூடேறும். மயிரிழை வெடிப்புகள் ஓடும். கெலிப்பருக்குள்ளே பட்டையைத் தள்ளுகிற பிஸ்டனும் தன் எல்லைக்கு மேலே வெளியே நீள வேண்டி வரும். இந்நிலையில் லேத்திலே கடைவது என்றால் மேலும் இரும்பைச் சீவி எடுப்பது. ஸ்டீரிங் ஆடுவது நிற்கும். மிதி மெத்தென்று இருக்கும். சில மாதம் நிம்மதியாகவும் போகும். வியாதியின் குறியை மறைத்துவிட்டு வியாதியை வளர்க்கிற வைத்தியம் அது.

“கடையவும் மாட்டேன். இதத் திருப்பிப் பூட்டவும் மாட்டேன்” என்றார் பாஸ்.

ஓட்டுநருக்கு முகம் சிவந்தது. “நான் வேற எடத்துல பூட்டிக்கிறேன். டிஸ்க்க குடுங்க” என்றார். பின்பு குரலைத் தாழ்த்தி, “ஒரு சோடி வாங்கிறதுன்னா இந்த மாச லீசிங் கட்ட ஏலாதுண்ணே” என்றார்.

அவர் பேச்சிலே பொய்யில்லை. அவருடைய வருமானம் கொழுந்து பறிக்கும் தாய்மார் மாதமுடிவில் எண்ணிக் கொடுக்கும் பணம். ஒரு வீட்டில் பெயர் குறைந்தால் அவர் கையிலும் குறையும். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்திலேயே தனியார் வண்டிகளுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இருந்த வண்டியையே ஓட்டித் தேய்த்தோம். 2022இன் நெருக்கடியிலே உதிரிப்பாகங்களின் விலை ஏறியதை மறக்க முடியுமா? தேய்ந்த தட்டைக் கடைந்து கடைந்து பூட்டுகிற பழக்கம் பேராசையால் மட்டும் வளர்ந்ததன்று. இந்த உண்மையையும் சொல்லாமல் ஓட்டுநர்களை மட்டும் ஏசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆயினும் பாஸின் பக்கம் வேறொரு உண்மை இருந்தது. 2023 ஜனவரி 20ஆந் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியிலே, கொழும்பிலிருந்து மாணவர்களைச் சுற்றுலா அழைத்து வந்த பஸ், ஒரு வேனோடும் முச்சக்கர வண்டியோடும் மோதி ஏழு உயிர்கள் போயின. 2025 மே 11ஆந் திகதி விடியற்காலையில், கொத்மலை கெரண்டி எல்லப் பகுதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவற்றின் காரணங்களைத் தீர்மானிப்பது விசாரணை செய்வோரின் பொறுப்பு. கட்டுரைக்காரனுக்கு அதில் வேலையில்லை. ஆனால் அந்த இரண்டு செய்திகளும் வந்த நாட்களிலே பாஸ் கராஜைத் திறக்கவில்லை என்று பையன் என்னிடம் சொன்னான்.

“தம்பி, நீ வேற எடத்துல பூட்டிக்கலாம். ஆனா நான் கழட்டின டிஸ்க்க நான் குடுத்து நீ பூட்டினா, அது நான் பூட்டினதுதான்” என்றார் பாஸ். கூலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும், பஞ்சிகாவத்தையிலே தேடினால் பாவித்த தட்டு நல்ல கனத்தில் கிடைக்கும் என்றும் சொல்லி, எதை எதை அளந்து வாங்குவது என்று ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்தார். கொழும்பு பஞ்சிகாவத்தையை அறியாத வாகனக்காரர் இந்நாட்டில் இல்லை. உதிரிப்பாகங்களுக்கு அது ஒரு பெருங்கடல். ஓட்டுநர் விடை சொல்லாமலே வீதிக்கு ஏறிப் போனார். திரும்பி வருவாரா என்பது எனக்கு ஐயமாகவே இருந்தது. வேன் சக்கரமில்லாமல் தாங்கியின்மேல் நின்றது.

ஞாயிறு காலை என் காரை எடுக்கப் போனபோது ஓட்டுநர் சாக்குப் பையோடு வந்து குந்தியிருந்தார். இரவு பஸ்ஸிலே போய் வந்த களை முகத்திலே. பாஸ் தட்டுகளை வாங்கிப் பேசாமல் அளந்தார். 21.4, 21.2. ஒவ்வொரு தட்டையும் விரலிலே தொங்கவிட்டுச் சாவியால் தட்டினார். வெடிப்பில்லாத இரும்பு வெண்கலம்போல் நெடுநேரம் ஒலிக்கும். இரண்டும் ஒலித்தன. அப்போதுதான் ஓட்டுநர் சிரித்தார்.

பூட்டுகிற வேலை கழற்றுகிற வேலையினும் நுட்பமானது. பாஸ் புதிய தட்டைத் தொடுவதற்கு முன் அச்சுத்தலையைக் கம்பித் தூரிகையால் அரைமணி நேரம் தேய்த்தார். அது வீண்வேலையாக எனக்குத் தோன்றியது. அவர் ஒரு துருத்துகளை நகத்திலே எடுத்துக் காட்டினார். அச்சுத்தலைக்கும் தட்டுக்கும் நடுவிலே அந்தத் துகள் இருந்தால், தட்டின் விளிம்பு சுழலும்போது மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு ஆடும். அந்த ஆட்டம் பட்டையிலே மாறி மாறி உராய்ந்து, சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் தட்டின் கனத்தையே சீரற்றதாக்கும், கால்மிதி துடிக்கும், ஸ்டீரிங் மறுபடி ஆடும். வேன் ஆடியதன் மூலகாரணமே அதுவாக இருக்கலாம் என்றார். தட்டைப் பூட்டி நட்டுகளால் இறுக்கி, ஒரு கம்பியின் நுனியைத் தட்டுக்கு மயிரிழை இடைவெளியிலே நிறுத்தி, சுழற்றிப் பார்த்தார். இடைவெளி மாறவில்லை.

தட்டின் முகத்தை எண்ணெய்ப் பசை போகத் துடைத்தார். துடைத்தபின் விரல் படவிடவில்லை. கெலிப்பரின் பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளினார். அப்படித் தள்ளும்போது மேலேயுள்ள கிண்ணத்தில் பிரேக் ஒயில் பொங்கி வழியாதபடி பையன் பார்த்துக்கொண்டான். கெலிப்பர் வழுக்கி நகரும் இரண்டு ஊசிகளுக்கும் அதற்கென்றே உள்ள கிறீஸ் பூசினார். சாதாரணக் கிறீஸ் இறப்பரை ஊதவைத்துப் பாழாக்கும். இரு பக்கத்துக்கும் புதுப் பட்டைகள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி நிற்கும்போது ஒரு பக்கம் இழுக்கும் என்பதை ஓட்டுநரே சொன்னார்.

பிரேக் ஒயில் என்கிறோமே, அது எண்ணெயன்று. எண்ணெய் தண்ணீரோடு சேராது. இதுவோ காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் குடிக்கும் இயல்புடையது. மலைநாட்டு மூடுபனிக்குக் கேட்க வேண்டுமா? டொட் 3 என்னும் வகைக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. நூற்றுக்கு மூன்றே முக்கால் பங்களவு நீர் சேர்ந்துவிட்டால் 140 பாகையாக இருந்தாலே போதும் என்று அதே விதி விட்டுக்கொடுக்கிறது. நெடிய இறக்கத்தில் அது கொதித்து ஆவிக்குமிழி உண்டானால், மிதித்த காலின் பலம் குமிழியை அமுக்குவதிலேயே செலவாகிப்போகும். பட்டைக்குப் போய்ச் சேராது. தட்டு புதிதாயிருந்து என்ன பயன்? பாஸ் பழைய திரவத்தை ஒரு வெள்ளைப் போத்தலில் இறக்கிக் காட்டினார். சாயம் கூடிய தேநீரின் நிறம். முழுவதையும் வெளியேற்றிப் புதியதை ஊற்றிக் காற்றுக் குமிழி நீங்கும்வரை பையனை மிதிக்க வைத்தார்.

சக்கரத்து நட்டுகளை வட்டமாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்கினார். வண்டி தரையில் இறங்கிய பின்பே இறுதி இறுக்கம். அந்த அளவு ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டால் வரும் திருகுபலம் என்று மாணவர் நினைவில் கொள்ளலாம். காலால் ஏறி மிதித்து இறுக்குவது வீரமாகத் தோன்றும். தட்டைக் கோணலாக்குவதும் அந்த வீரம்தான்.

ஓட்டுநர் சாவியைப் போட்டு எஞ்சினைக் கிளப்பப் போனார். பாஸ் கையைப் பிடித்துக்கொண்டார். “மொதல்ல மிதி.” ஓட்டுநர் மிதித்தார்; மிதி தரையைப் போய்த் தொட்டது. அவர் முகம் வெளிறிற்று. உள்ளே தள்ளிய பிஸ்டன் இன்னும் பட்டையை வந்து சேராததால் முதல் மிதிகள் இப்படித்தான் வெறுமையாகப் போகும். இரண்டாம் மிதி, மூன்றாம் மிதி. ஐந்தாம் மிதியில் காலுக்குக் கல்போல் உறுதி தட்டியது. இந்த ஐந்து மிதியை மறந்து, கராஜ் வாசலிலுள்ள சரிவிலேயே வண்டியை விட்டவர்களைப் பாஸ் அறிவார். அதற்காகத்தான் மலையை வெட்டிச் சமதளம் செய்தாராம்.

பாஸ் பக்கத்திலே ஏறிக்கொண்டார், என்னையும் அழைத்தார். மல்லியப்பு சந்திப் பக்கமாகப் போய் வந்தோம். ஐம்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்துக்கு, முழுதாக நிறுத்தாமல், இதமாகப் பத்து முறை, இடையிடையே ஆறவிட்டு. புதுப்பட்டை தட்டோடு பழகுவதற்கு இது வேண்டும். திரும்பும் வழியில் இறக்கம் வந்தபோது ஓட்டுநர் நான்காம் கியரில் இருந்தார். “ஏறும்போது எந்தக் கியர்ல ஏறின?” என்று மட்டும் பாஸ் கேட்டார். ஓட்டுநர் இரண்டுக்கு மாற்றினார். எஞ்சின் முனகியது, வண்டி தானே அடங்கியது, பிரேக்கைத் தொட வேண்டியிருக்கவில்லை.

கூலியை மூன்று தவணையில் தருவதாகப் பேச்சு. வேன் புறப்பட்டுப் போன பின்பு, பழைய தட்டுகள் இரண்டும் தரையில் கிடந்தன. எடைக்குப் போடவா என்று பையன் கேட்டான். பாஸ் ஒரு தட்டை எடுத்துக் கருங்கல்லின்மேல் சாய்த்து வைத்து, அன்று பையனைத் தூக்க விடாத அதே சம்மட்டியால் ஓங்கி ஓர் அடி போட்டார். வார்ப்பிரும்பு இரண்டாய்ப் பிளந்தது. முழுதாகப் போட்டால் யாரேனும் கழுவி, கடைந்து, மறுபடி விற்பார்கள் என்றார்.

“ஒடைஞ்சாலும் ஒடையாட்டியும் பழைய இரும்புக்காரன் குடுக்கிற வெல ஒண்ணுதான், சேர்” என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது தட்டையும் எடுத்துக் கல்லின்மேல் வைத்தார்.